98 புள்ளி வந்த வெப்சைற்றில் இன்னும் எதைப் பார்ப்பது?

கேள்வி: அண்ணா, நான் வன்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் புதிய இணையத்தளத்தை அடுத்த மாதம் திறக்க இருக்கிறோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வரும். செய்து தந்தது வெளி நிறுவனம் ஒன்று. மாற்றுத்திறனாளி மாணவர்களும் பாவிக்கக்கூடியதா என்று கேட்டதற்கு லைட்ஹவுஸில் 98 புள்ளி வந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பினார்கள். மூலையில் சக்கரநாற்காலிப் படத்தோடு ஒரு பட்டனும் பூட்டித் தருகிறோம், அதற்கு வருடக் கட்டணம் என்கிறார்கள். எங்களிடம் பார்வையில்லாத மாணவர் ஒருவர் படிக்கிறார், கை பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சோதிக்க நானும் இன்னொரு தம்பியும்தான். இரண்டு கிழமை இருக்கிறது, தனியாகக் காசு ஒதுக்கவில்லை. எங்கே தொடங்குவது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, அந்த 98 உண்மையான புள்ளியாகத்தான் இருக்கும். எதற்குக் கிடைத்த புள்ளி என்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும். லைட்ஹவுஸ் என்பது குரோம் பிரவுசரோடு வரும் சோதனைக் கருவி, நூற்றுக்குப் புள்ளி போடும். அது ஒரு பக்கத்தைத் திறந்து, திறந்தபடியே அதன் நிரலைப் பார்க்கிறது, அவ்வளவுதான். படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும், ஆனால் அந்த உரை வெறுமனே "படம் 1" என்று இருந்தாலும் சரி என்று விட்டுவிடும். விண்ணப்பத்தைப் பிழையாக நிரப்பினால் என்ன நடக்கிறது என்று அது பார்க்காது, பீடிஎப் ஒன்றைக்கூடத் திறக்காது. அந்த ஸ்கிரீன்ஷொட் எந்தப் பக்கத்தில், எந்த மொழியில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். ஆங்கில முகப்புப் பக்கத்தில் மட்டும் எடுத்திருந்தால் தமிழ்ப் பக்கத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

கருவிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் என்ற அமைப்பு வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 வீதமானவற்றில் கருவிக்கே தெரியும் பிழைகள் இருந்தன, 81 வீதமானவற்றில் எழுத்து பின்னணியோடு மங்கிக் கிடந்தது. இப்படிப்பட்ட பிழைகளைக் கண்ணால் தேடுவது வீண் வேலை. வேவ், ஆக்ஸ் என்று இரண்டு இலவச நீட்சிகள் இருக்கின்றன, குரோமில் போட்டுக்கொண்டு முதல் நாளே முக்கியமான இருபது பக்கங்களில் ஓட்டுங்கள். மூன்று மொழியிலும், லொகின் பக்கத்திலும், படிவங்களிலும், மெனுவை விரித்து வைத்தும் ஓட்டுங்கள். வந்த பட்டியலை அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் அதைத் திருத்துகிற நேரத்தில் கருவியால் முடியாத வேலையை நீங்கள் இரண்டு பேரும் தொடங்கலாம். எந்த அளவுகோலின்படி என்று யாரும் கேட்டால் டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை என்று சொல்லுங்கள், இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பாவிக்கச் செய்வதற்கான சர்வதேச நியமம் அது. 2023 ஒக்டோபரில் வந்தது.

இனி உங்கள் வேலை. பக்கம் பக்கமாகப் போகாதீர்கள், இரண்டு கிழமையில் முடியாது. ஆட்கள் எதற்காக அந்தத் தளத்துக்கு வருவார்கள் என்று யோசித்து ஐந்து காரியங்களை எடுங்கள். பரீட்சை நேர அட்டவணையைக் கண்டுபிடித்து வாசிப்பது, பெறுபேறு பார்ப்பது, விடுதிக்கு விண்ணப்பிப்பது, மகாபொல புலமைப்பரிசில் அறிவித்தலைக் கண்டுபிடிப்பது, உயர்தரம் முடித்த பிள்ளை ஒன்று தன் பாடங்களுக்கு என்ன பட்டப்படிப்பு இருக்கிறது என்று தேடுவது. இந்த ஐந்தையும் மவுஸ் இல்லாமல் ஒருமுறை, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு ஒருமுறை, பெருப்பித்து ஒருமுறை, விலை குறைந்த போனில் ஒருமுறை செய்து முடியுங்கள். முடிந்ததா, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதுங்கள். வெறும் "பிழை" என்று எழுதினால் நிறுவனத்துக்கு விளங்காது.

வன்னியில் இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் நாலு வயதுப் பிள்ளையாக இருந்தவர்தான் இன்று பல்கலைக்கழக வயதில் இருக்கிறார். ஷெல்லில் கை போனவர்கள், கண் போனவர்கள், காது மந்தமானவர்கள் மாணவர்களிலும் இருக்கிறார்கள், அவர்களின் பெற்றோரிலும் இருக்கிறார்கள், பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பப் போகும் தாய் தகப்பனுக்கும் இந்தத் தளம்தான். தளம் சரியில்லை என்றால் இங்கே நடப்பது எல்லாருக்கும் தெரியும், மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ பக்கத்தில் இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போவார்கள். அங்கே இருக்கிற தம்பி நல்லவராகவே இருக்கட்டும், ஆனாலும் அடையாள அட்டை இலக்கம், பாஸ்வேர்ட், போனுக்கு வரும் ஓடிபி எல்லாவற்றையும் இன்னொருவரிடம் சொல்லித்தான் ஒரு மாணவர் தன் பெறுபேற்றைப் பார்க்க வேண்டும் என்றால், அவருக்கு அந்தரங்கம் என்று ஒன்றை நாங்கள் விட்டுவைக்கவில்லை. கண் தெரிந்த சக மாணவர் தன் அறையில் இருந்து தனியாகப் பார்க்கும் அதே விசயம்தானே.

மவுஸை லப்டொப்பிலிருந்து கழற்றி வைத்துவிட்டு டேப் கீயை அமத்தத் தொடங்குங்கள். ஒவ்வொரு அமத்தலுக்கும் இப்போது எங்கே நிற்கிறோம் என்று திரையில் ஒரு கோடோ கட்டமோ தெரிய வேண்டும். வடிவமைத்தவர்கள் அது அழகைக் கெடுக்கிறது என்று அந்தக் கோட்டை எடுத்துவிடுவார்கள், மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அதோடு தளமே இருட்டாகிவிடும். முதலாவது அமத்தலில் "நேரே உள்ளடக்கத்துக்குப் போக" என்ற இணைப்பு வர வேண்டும், இல்லையென்றால் பீடங்கள், துறைகள், நூலகம், நிர்வாகம் என்று மெனுவில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொரு பக்கத்திலும் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும். மெனு மவுஸ் மேலே போனால் மட்டும் விரிகிற மெனுவா என்று பாருங்கள். என்டரிலும் விரிய வேண்டும், எஸ்கேப்பில் மூட வேண்டும். பிறகு அந்த முகப்புப் படங்கள், பட்டமளிப்பு விழாவும் துணைவேந்தரும் மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பது. தானாக ஓடத் தொடங்கி ஐந்து செக்கனுக்கு மேல் ஓடுகிற எதையும் நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதை முழுதாக எடுத்துவிட்டு ஒரே ஒரு படத்தைப் போடுங்கள், டேட்டாவும் மிச்சம்.

கீபோர்டில் ஆகப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சட் பெட்டி, திகதி தெரிவுசெய்யும் நாட்காட்டி, "அனுமதி ஆரம்பம்" என்று எழும்பி வரும் அறிவிப்புப் பெட்டி, இப்படி எதற்குள்ளாவது டேப் கீ நுழைந்து வெளியே வர முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த ஆளுக்கு அந்தப் பக்கத்தில் இனி ஒன்றும் செய்ய முடியாது, பிரவுசரை மூட வேண்டியதுதான். அப்படி ஒன்றைக் கண்டால் பட்டியலில் முதலாவதாக எழுதுங்கள்.

அடுத்தது ஸ்கிரீன் ரீடர். என்விடிஏ இலவசம், விண்டோஸில் ஓடும். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையில்லாத இளைஞர் தொடங்கியது. அதோடு சேர்ந்து வரும் இஸ்பீக் குரலில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன. குரல் இயந்திரத்தனமாக இருக்கும், முதல் நாள் காது கூசும், பரவாயில்லை. என்ன சொல்கிறது என்று பிடிபடாவிட்டால் அதில் பேச்சை எழுத்தாகக் காட்டும் ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எச் கீ தலைப்புக்குத் தலைப்பு பாயும், கே இணைப்புக்கு, எப் படிவக் கட்டத்துக்கு, இன்செர்ட்டோடு எப்7 அமத்தினால் பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒரே பட்டியலில் வரும். அந்தப் பட்டியலை மட்டும் கேட்டுப் பாருங்கள். "மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க, இங்கே அழுத்தவும், மேலும் வாசிக்க" என்று போகும். எது பரீட்சை அறிவித்தல், எது ஆட்சேர்ப்பு விளம்பரம் என்று அந்த மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொரு இணைப்பும் தான் எங்கே கூட்டிப்போகிறது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

மூன்று மொழித் தளங்களில் அடிக்கடி தவறுகிற ஒன்று மொழிக் குறியீடு. ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் இது தமிழ், இது சிங்களம், இது ஆங்கிலம் என்று ஒரு சின்னச் சொல் இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் படியெடுத்துத் தமிழ்ப் பக்கம் செய்யும்போது அந்தச் சொல் ஆங்கிலமாகவே நின்றுவிடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என்விடிஏ மட்டும் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழை வாசிக்கப் போய், எழுத்துகளை விழுங்கும் அல்லது உளறும். திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அது இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் முழுவதும் பயனில்லை. மேலே மொழி மாற்றும் இடத்தில் உள்ள "தமிழ்", "சிங்களம்" என்ற இணைப்புகளுக்கும் அதே மாதிரித் தனித்தனியாகக் குறியீடு வேண்டும், ஏனென்றால் ஆங்கிலப் பக்கத்தில் வந்து இறங்கிய ஒருவர் தன் மொழியைத் தேடும்போது அந்த ஒரு சொல்தான் காதில் விழ வேண்டும். போனிலும் பாருங்கள், அண்ட்ரொய்டில் டோக்பேக் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது, அமைப்புகளில் போய்ப் போட்டால் சரி, கூகிளின் தமிழ்க் குரல் கேட்கவும் நன்றாக இருக்கும்.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் உங்கள் இரண்டு கிழமையில் கூட நேரம் போக வேண்டும். தளத்தைச் செய்த நிறுவனம் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், திறந்த அடுத்த நாளிலிருந்து அதற்குள் போகப்போவது உங்கள் கந்தோர்களில் தட்டச்சு செய்யும் அறிவித்தல்கள். எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் இன்றைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. பாமினி கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். "தமிழ்" என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதும் அதைத்தான். மூன்று பக்க விடுதி அறிவித்தல் ஒன்றை உங்கள் மாணவர் திறந்தால் மூன்று பக்கத்துக்கும் அர்த்தமில்லாத ஆங்கில ஒலிகள்தான் கேட்கும். சிங்களத்தில் எப்எம் அபய எழுத்துருவுக்கும் இதே கதைதான்.

அடுத்த வகை, ஸ்கான். கடிதத்தை அச்சடித்து, பதிவாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கான் பண்ணி, பீடிஎப் ஆக்கி ஏற்றுவார்கள். அது வெறும் படம். அதற்குள் வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை. யூனிகோடில், அதாவது உள்ளேயும் உண்மையான தமிழ் எழுத்தாகவே இருக்கும் முறையில், அடித்து நேரே பீடிஎப் ஆக்கினாலும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவையில்லை. பீடிஎப்பில் ஒரு வரியைத் தெரிவுசெய்து கொப்பி பண்ணி உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். நல்ல தமிழாக வந்தால் ஓரளவு நிம்மதி. ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி. தெரிவுசெய்யவே முடியாவிட்டால் ஸ்கான். கந்தோரில் யாருக்கும் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இதற்கு என் ஆலோசனை ஒன்றுதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். அறிவித்தலின் முழு வாசகமும் யூனிகோடில் பக்கத்திலேயே இருக்கட்டும், கையெழுத்துப் போட்ட ஸ்கான் பிரதி அதன் கீழே இணைப்பாக இருக்கட்டும். பதிவாளருக்கும் திருப்தி, வாசிப்பவருக்கும் திருப்தி, கூகிளில் தேடினாலும் வரும், பாமினிப் பீடிஎப்பைக் கூகிளில் தமிழில் தேடி ஒருநாளும் எடுக்க முடியாது. இந்தக் கடைசிக் காரணத்தை மேலிடத்துக்குச் சொல்லுங்கள், சில பேருக்கு அதுதான் உறைக்கும். பழைய பாமினி ஆவணங்களை மாற்றப் பொங்குதமிழ் மாதிரி இலவச எழுத்துருமாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு கட்டாயம் ஒருவர் வாசிக்க வேண்டும். இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும், பாடக் குறியீடுகள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் அப்படித்தான் சிதையும். எல்லாப் பழைய ஆவணங்களையும் திறப்பதற்கு முன் மாற்ற முடியாது. இந்த வருட மாணவர்களுக்குத் தேவையானவற்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றுக்கு "வாசிக்கக்கூடிய பிரதி வேண்டுமானால் கேளுங்கள்" என்று போன் இலக்கம் போடுங்கள்.

நேர அட்டவணையைப் படமாகப் போட வேண்டாம். உண்மையான அட்டவணையாகப் போட்டு, திகதி, நேரம், பாடம், மண்டபம் என்ற மேல்வரிசையை அட்டவணைத் தலைப்பு என்று நிரலில் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால் ஸ்கிரீன் ரீடர் "மண்டபம், இரண்டு" என்று சொல்லும், குறிக்காவிட்டால் "இரண்டு" என்று மட்டும் சொல்லும். அந்த மாணவர் அந்த இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படிவங்கள். கட்டத்துக்குள் மங்கலாக "உங்கள் பெயர்" என்று எழுதியிருப்பது போதாது, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். கட்டத்துக்கு வெளியே, அதனோடு நிரலில் இணைத்த பெயர் வேண்டும். பிழை விட்டால் சிவப்புக் கோடு மட்டும் வரக்கூடாது, என்ன பிழை என்று எழுத்தில் வர வேண்டும், தமிழ்ப் படிவத்தில் தமிழிலேயே வர வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை வேண்டுமென்றே பிழையாக அடித்துப் பாருங்கள், பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் உள்ளது, புதிய பன்னிரண்டு இலக்கம் இரண்டையும் ஏற்கிறதா என்றும் பாருங்கள், பிள்ளையிடம் புதியது இருந்தாலும் தாய் தகப்பனிடம் பழையதுதான் இருக்கும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் ஒட்டவிடாமல் தடுத்திருந்தால் அந்தத் தடையை எடுக்கச் சொல்லுங்கள். வளைந்த எழுத்துப் படத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கப்சா இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஒரு கையால், மெதுவாக, விரல் நடுங்கியபடி நிரப்புகிறவருக்கு நேரம் முடிந்துவிட்டது என்று படிவம் வெறுமையாகிப் போவது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள், கரண்ட் போனாலும் அதேதான். நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லி நீட்டிக்கக் கேட்கும் வசதி வேண்டும், நிரப்பியதைச் சேமித்து வைக்கவும் வேண்டும்.

நிறமும் அளவும் சீக்கிரம் முடிகிற வேலை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் 999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பலில் எழுதியிருந்தால் அது 2.85தான், 767676க்கு மேல் வெளிறக்கூடாது. பல்கலைக்கழகச் சின்னத்தின் பொன்நிறத்தில் வெள்ளையின் மேல் தலைப்பு எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும், அனேகமாக அது தேறாது, அந்த நிறத்தைக் கோடுகளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மத்தியான வெயிலில் ஏ9 வீதியோரம் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் ஒருக்கா திறந்து பாருங்கள், கண் நல்லா இருப்பவருக்கும் அங்கே மங்கல் எழுத்து தெரியாது. பிறகு கணினியில் 400 வீதம் வரை பெருப்பியுங்கள், பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டும். தமிழில் இங்கேதான் உடையும். ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு அளந்து செய்த பட்டனுக்குள் "விண்ணப்பப்படிவங்கள்" போய் இருக்காது, உயரத்தை இறுக்கி வைத்திருந்தால் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். உயரத்தை இறுக்க வேண்டாம், வரி இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். தொடும் பட்டன்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், நான் அதைவிடப் பெரிதாகவே கேட்பேன். வீடியோ இருந்தால் வசனவரி வேண்டும், கருவி தானாகத் தருவதை ஒருவர் இருந்து திருத்தாமல் போட வேண்டாம்.

அந்தச் சக்கரநாற்காலிப் பட்டனை வாங்க வேண்டாம். எழுத்தைப் பெருப்பிக்கவும் நிறத்தை மாற்றவும் பிரவுசரும் போனும் ஏற்கனவே விடுகின்றன. பார்வையில்லாதவர் தன் ஸ்கிரீன் ரீடரோடுதான் வருகிறார், இன்னொரு குரல் அதன் மேல் ஏறிப் பேசினால் அவருக்குத் தொல்லைதான். பெயரில்லாத படிவக் கட்டத்துக்கு என்ன பெயர் என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது, பாமினியை அது வாசிக்கவும் போவதில்லை. இதைப் பூட்டினால் எந்தத் தளமும் டபிள்யூசிஏஜி நியமத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025இல் பத்து லட்சம் டொலர் கட்டும்படி உத்தரவிட்டது. அந்த வருடக் கட்டணத்துக்கு ஒதுக்கக் காசு இருக்கிறது என்றால், அதைச் சோதித்துத் தரும் மாணவர்களுக்குக் கொடுங்கள்.

அதைத்தான் அடுத்ததாகச் சொல்ல வந்தேன். நீங்களும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு என்விடிஏ பாவிப்பதும், அதை நாள் முழுக்கப் பாவிக்கிறவர் பாவிப்பதும் ஒன்றில்லை. முதல் கிழமைத் திருத்தங்கள் வந்த பிறகு உங்கள் மாணவரைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். செலவழிக்கும் நேரத்துக்குக் கொடுப்பனவு செய்யுங்கள், இது அவருடைய தொழில்முறை உதவி. அவருடைய சொந்தப் போனிலோ லப்டொப்பிலோ அந்த ஐந்து காரியங்களையும் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா இருங்கள். "அங்கே இல்லை, கீழே" என்று வாய் உன்னும், சொல்லாதீர்கள், அவர் தடுமாறும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட வேண்டாம். கை பாதிக்கப்பட்ட ஒருவரையும், முடிந்தால் கேட்கும் திறன் குறைந்த ஒருவரையும் அதே மாதிரிக் கூப்பிடுங்கள். வளாகத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் சுன்னாகம் வாழ்வகம், கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் விசாரித்துப் பாருங்கள், இந்தத் தேவைகளோடு கனகாலமாக வேலை செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

திகதியைத் தள்ளுவதா என்ற கேள்வி நிச்சயம் வரும். என் கணக்கு இதுதான். அந்த ஐந்து காரியங்களில் ஒன்றையாவது ஒருவரால் தனியாக முடிக்க முடியவில்லை என்றால் அந்தப் பகுதியைத் திறக்கக்கூடாது, பழைய தளத்தில் அது ஓடட்டும். சங்கடப்பட்டாவது முடிக்கலாம் என்றால் திறங்கள், ஆனால் குறையை எழுதி, திருத்தும் திகதியோடு ஒரு பக்கத்தில் வெளிப்படையாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு போன் இலக்கமும் மின்னஞ்சலும் இருக்கட்டும், பதில் சொல்ல ஒரு ஆளின் பதவிப் பெயரும் இருக்கட்டும். மேலிடம் இதெல்லாம் கட்டாயமா என்று கேட்டால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது, அந்த அனுமதி இப்போது இணையப் படிவம் வழியாகத்தானே நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது, அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது.

அறிவித்தல் ஏற்றுகிற எழுதுவினைஞர்களுக்கு அரை நாள் பயிற்சி ஒன்று, திறப்பதற்கு முன்பே வையுங்கள். யூனிகோடில் தட்டச்சு, வேர்டில் தலைப்புக்குத் தலைப்புப் பாணி பாவிப்பது, படத்துக்கு விளக்கம் எழுதுவது, அந்த வட்ஸ்அப் சோதனை. இவ்வளவும் போதும். பாமினியில் விரல் பழகியவருக்கு அதே விசை அமைப்பில் யூனிகோட் அடிக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன, அதைப் போட்டுக் கொடுத்தால் எதிர்ப்பு பாதி குறையும்.

கடைசியாக ஒன்று, இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். நிறுவனத்துக்கு இறுதிக் கொடுப்பனவு போய்விட்டதா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். போகவில்லை என்றால், உங்கள் பட்டியலில் அந்த ஐந்து காரியங்களையும் முடிக்கவிடாமல் நிறுத்தும் பிழைகள் தீர்ந்து, நீங்கள் திரும்பச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விடுவிப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். காசு போன பிறகு கேட்டால் அது புது வேலை, அதற்கு வேறு விலை என்றுதான் பதில் வரும்.